மரவேலை யந்திரங்களில் துரு: நீக்கலும் தடுத்தலும்

குடியானவருக்கு வேண்டிய சாமான்களில் ஒரு பெரும் பகுதி மரப்பட்டறையின் வழியாகவே அவர் கைக்கு வந்து சேருகின்றது. மண்வெட்டிக்கும் கோடரிக்கும் பிடி, தொழுவத்திற்குத் தூணும் விட்டமும், தானியம் வைக்கும் அறைக்குக் கதவு, டிராக்டரின் பின்வண்டிக்குத் தளப்பலகை ஆகிய இவையெல்லாம் ரம்பத்தையும் இழைப்பையும் கடந்தே வரவேண்டும். வரப்பில் நின்று முற்றிய வேம்பையோ, காய்ப்பு ஓய்ந்த மாமரத்தையோ விறகு விலைக்குத் தள்ளிவிடாமல் பலகையாக அறுத்துக்கொள்ள விரும்பும் குடியானவருக்கு, அப்பட்டறையின் யந்திரம் எந்நிலையில் இருக்கின்றது என்பது லாப நஷ்டக் கணக்கைச் சேர்ந்த விஷயமாகும். 2021-22ஆம் ஆண்டு தொடங்கி, விளைநிலங்களின் வரப்புகளில் நடுவதற்கென்று தேக்கு முதலிய மரக்கன்றுகள் தமிழ்நாட்டு வேளாண்மைத் துறையின் திட்டத்தில் வழங்கப்பட்டிருப்பதால், இனி வரும் வருஷங்களில் ரம்பத்திற்கு வரும் மரம் அதிகப்படுமேயன்றிக் குறையாது. ஆகவே பட்டறைக்காரர் மட்டுமன்றிக் குடியானவர்களும் இவ்விஷயத்தைச் சற்றுக் கவனித்தல் நலம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, கொசஸ்தலை ஆற்றுப் பாசனப் பகுதியில் உள்ளது பள்ளிப்பட்டு. 1960ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி வரையில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே வழங்குகின்றன. துருவைச் சிலர் துரு என்பர்; சிலர் துப்பு என்பர். இதே மாவட்டத்தின் கிழக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கத்தில் பழவேற்காட்டு உப்பங்கழியும் கடலும் சமீபித்திருப்பதால் காற்றிலேயே உப்பு கலந்திருக்கின்றது. அங்கே இரும்பு அரிப்பதைக் கண்டு ஒருவரும் ஆச்சரியப்படுவதில்லை. பள்ளிப்பட்டோ கடலுக்கு வெகு தூரத்தில், குன்றுகளின் நடுவே இருப்பது. உப்புக்காற்று இல்லாத இவ்விடத்தில் துருவுக்கு அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை என்ற எண்ணம் ஏற்படுவது இயற்கை. ஆனால் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வட்ட ரம்பத்தின் மேசையை ஒருநாள் துடைக்காமல் விட்டுப் பார்த்தால், மறுநாள் காலையில் அம்மேசை இவ்வெண்ணத்திற்கு விடை கூறிவிடும்.

துருவின் காரணம்

இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயு, ஜலம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினாலன்றித் துரு உண்டாகாது. இரும்பை விலக்க முடியாது. பிராணவாயுவை விலக்குவதும் எளிதன்று. மனிதன் கையில் இருப்பது ஜலத்தை விலக்குவது ஒன்றே. ஜலம் என்றால் மழைத்துளி மட்டும் என்று நினைப்பதே இங்கு முதல் தவறு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபது, எழுபது என்ற அளவைத் தாண்டியவுடனேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய நீர்ப்படலம் இரும்பின் மேல் படர்ந்து, துரு வேகமாக வளரத் தொடங்குகின்றது. வெர்னன் என்னும் ஆங்கில ரசாயன ஆராய்ச்சியாளர் 1930களில் இந்த எல்லையை அளந்து காட்டினார். காற்றில் உப்போ கந்தகப் புகையோ சேர்ந்திருந்தால் அரிப்பு இன்னும் கடுமையாகும். இந்நாட்டில் எவ்விடத்தில் இரும்பு எவ்வளவு அரிக்கின்றது என்பதைக் காரைக்குடியில் 1953ஆம் வருஷம் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார், மண்டபம் முதலிய இடங்களில் உலோகத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் வைத்துச் சோதித்திருக்கின்றனர்.

இனி, பள்ளிப்பட்டு வட்டாரத்தின் காலநிலையைப் பார்க்கலாம். ஆடி, ஆவணி மாதங்களில் மாலை வேளைகளில் இடிமழை உண்டு. ஐப்பசியிலிருந்து மார்கழி வரையில் வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்த பின் தை மாதத்தில் விடியற்காலைப் பனி. இம்மாதங்களில் யந்திரத்திற்கு மிகுந்த கேட்டைச் செய்வது பகல் மழையன்று, இரவும் விடியற்காலையுமே. பகலில் பட்டறை நடக்கின்றது. பலகை உராய்ந்து மேசை தேய்ந்துகொண்டே இருக்கின்றது. துரு நிற்க இடமில்லை. இரவில் காற்றுக் குளிர்ந்தவுடன் அதன் ஈரப்பதம் தானே ஏறுகின்றது. கனத்த வார்ப்பிரும்பு மேசை இரவின் குளிர்ச்சியை எளிதில் விடுவதில்லை. காலையில் வெயில் ஏறி, வயல் பக்கத்து ஈரக்காற்று கொட்டகைக்குள் புகும்போது, குளிர்ந்த நீர் வைத்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல மேசையும் வியர்க்கின்றது. தகரக் கூரையும் இரண்டு பக்கம் திறப்புமாக உள்ள கொட்டகைகளில் இந்த வியர்வையைத் தடுப்பார் இல்லை.

மரத்தூளின் வேலை

மரத்தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவைக்கும் தன்மையுடையது. மாலையில் ரம்பத்தை நிறுத்தியபின் மேசையின்மேல் குவிந்துகிடக்கும் தூளை அப்படியே விட்டால், அது இரவு முழுவதும் இரும்பின்மேல் ஈரத்துணி போர்த்தியதற்குச் சமானமாகின்றது. அதுவும் பச்சை மரத்தின் தூளானால் சொல்ல வேண்டியதில்லை. அப்போதுதான் வெட்டிவந்த மரத்தில், உலர்ந்த கட்டையின் எடையில் பாதிக்கு மேல் ஜலமே இருப்பது சாதாரணம். குடியானவர் வண்டியிலேற்றிக் கொண்டுவரும் மாமரமும் வேம்பும் பெரும்பாலும் இந்நிலையில்தான் வருகின்றன. மேலும் மரத்தில் ஜலம் மட்டுமின்றிப் புளிப்பும் துவர்ப்பும் உண்டு. பச்சை மரத்திலிருந்து வெளிப்படும் காடியின் ஆவி இரும்பைத் தாக்கும். கருவேல மரத்தின் துவர்ப்பு, தோல் பதனிடுவோர் அறிந்ததே. அத்துவர்ப்பு ஈர இரும்பைத் தொட்டவுடன் கறுத்துவிடும். பலகையிலும் கறை, மேசையிலும் கறை. அறுத்து முடித்த ஈரப் பலகையை மேசையின்மேலேயே அடுக்கிவிட்டு வீட்டிற்குச் சென்றால், பலகையின் வடிவம் மறுநாள் காலையில் மேசையில் அச்சடித்ததுபோலத் தெரியும்.

முற்கூறிய வெர்னன் 1920களில் செய்த ஒரு சோதனை இங்கே குறிப்பிடத்தக்கது. அவர் இரும்புத் துண்டுகளில் ஒன்றைத் திறந்த அறையில் தொங்கவிட்டார். மற்றொன்றைச் சுற்றி ஒற்றை மடிப்பு மஸ்லின் துணியால் கூண்டு அமைத்தார். இரண்டிற்கும் காற்று ஒன்றே, ஈரமும் ஒன்றே. திறந்திருந்த துண்டு துருவேறிற்று. மஸ்லின் கூண்டுக்குள் இருந்தது பெரும்பாலும் சுத்தமாகவே இருந்தது. துணி ஈரத்தைத் தடுக்கவில்லை. காற்றில் மிதக்கும் தூசியைத்தான் தடுத்தது. துருவின் முதற் புள்ளிகள் தூசி விழுந்த இடத்தில்தான் தோன்றுகின்றன என்பது இதனால் விளங்கிற்று. தூசியையே தொழிலாகக் கொண்ட மரப்பட்டறையில் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் கிராமப் பட்டறைகளுக்கே உரியது. கொட்டகையில் இடம் இருக்கின்றதென்று உர மூட்டைகளை யந்திரத்தின் பக்கத்தில் அடுக்கிவைப்பது பல இடங்களில் வழக்கம். பொட்டாஷ் உரம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பின் நெருங்கிய உறவு. அம்மோனியம் சல்பேட்டும் இரும்புக்குப் பகை. மூட்டையிலிருந்து சிந்திய தூள் காற்றில் எழுந்து மேசையில் படிந்தால், கடற்கரையில் இல்லாத பள்ளிப்பட்டிலும் கடற்கரைத் துருவே ஏற்படும். ப்ளீச்சிங் பவுடரும் கழிப்பறை கழுவும் திராவகமும் இவற்றினும் கேடு. திராவகப் புட்டியின் மூடி சரியாக இராவிட்டால், ஒரு சொட்டும் சிந்தாமலே அதன் ஆவி அறை முழுவதிலுமுள்ள இரும்பைத் துருவேற்றிவிடும். மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய கொட்டகையில் கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா, பித்தளைச் சாமான்களையும் செம்பையும் தாக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

துருவினால் வரும் அபாயம்

துரு அழகைக் கெடுப்பது ஒரு பொருட்டன்று. அது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. ஆகையால் துருவேறிய மேசை வழுவழுப்பை இழந்து சொரசொரக்கின்றது. அதன்மேல் பலகை நகர மறுக்கின்றது. ஆள் பலங்கொண்டு தள்ளுகின்றான். தடை திடீரென்று விடுபடும் கணத்தில் பலகை முன்னே பாய்கின்றது. பின்னாலே வரும் கை சுழலும் ரம்பத்தை நோக்கிப் போகின்றது. மரப்பட்டறையில் விரல் போவதற்கு இது ஒரு காரணம். ரம்பத்தின் பக்கத்தில் பலகைக்கு வழிகாட்டும் வேலிச் சட்டம் துருப்பிடித்து நேராக நில்லாதபோது, பலகை ரம்பத்திற்கும் சட்டத்திற்கும் இடையே இறுகி, ரம்பத்தின் பின்புறப் பற்களால் தூக்கப்பட்டு ஆளின் வயிற்றை நோக்கி எறியப்படுவதும் உண்டு. மேசையை உயர்த்தித் தாழ்த்தும் திருகு துருவில் இறுகினால், அளவை மாற்றாமலே வேலையை ஒப்பேற்றும் பழக்கம் வந்துவிடுகின்றது. துருநீக்கும் வேலையைச் சில்லறை வேலையென்று ஒதுக்கிவைக்கும் பட்டறைக்காரர், இந்த மூன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

துருவை நீக்கும் முறை

துருவைக் கண்டவுடன் கையில் சுழல்கல் யந்திரத்தை எடுத்துக்கொண்டு மேசையின்மேல் ஓட்டுவது இப்போது எங்கும் காணப்படும் வழக்கம். ஐந்து நிமிஷத்தில் மேசை வெள்ளிபோல மின்னும், பட்டறைக்காரருக்கும் திருப்தி. ஆனால் மேசையை நேர்த்தளமாகச் சீவுவதற்குத் தொழிற்சாலையில் பெரிய யந்திரம் வேண்டியிருந்தது. அந்த நேர்த்தியைக் கைக்கல் ஒரே நாளில் கெடுத்துவிடுகின்றது. கல் ஓரிடத்தில் சற்றுத் தங்கினால் அங்கே குழி. இழைப்பு யந்திரத்தின் தளத்தில் அரை மில்லிமீட்டர் குழி விழுந்தால் அதன்பின் அதில் இழைக்கும் எந்தப் பலகையும் நேராக வராது. இரண்டு பலகைகளை ஒட்டினால் நடுவே வெளிச்சம் தெரியும். துரு தின்றதைவிடக் கல் தின்றதே அதிகமாகின்றது. இழைப்பு யந்திரத்தின் தளத்திலும் ரம்ப மேசையிலும் சுழல்கல்லை உபயோகிக்கவே கூடாது.

வேலையைத் தொடங்குமுன் மின்சார இணைப்பைப் பிளக்கிலிருந்தே கழற்ற வேண்டும். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. ரம்பத்தையும் கத்திகளையும் கழற்றி எடுத்துவிட்டு, மோட்டாரையும் பேரிங்குகளையும் துணியால் மூடுதல் அவசியம். பின் தூளைச் சுத்தமாகப் பெருக்கி, துருவின்மேல் மண்ணெண்ணெயையோ டீசலையோ தாராளமாகத் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். எண்ணெய் துருவின் அடியில் இறங்கி அதன் பிடியைத் தளர்த்தும். அதன்பின் சவரத் தகட்டையோ, கூரான தட்டை உளியையோ மேசையோடு மேசையாகப் படுக்கவைத்துத் தள்ளினால் துரு ஏடாக எழும்பி வரும். உளியின் மூலை மேசையில் பதியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சியதை, தட்டையான கட்டையில் சுற்றிய 320 எண் உப்புத்தாளால் எண்ணெய் விட்டுத் தேய்க்கலாம். பலகை நகரும் திசையிலேயே நீளமாகத் தேய்த்தல் நன்று; வட்டமாகத் தேய்ப்பதும் விரலால் அழுத்தித் தேய்ப்பதும் தவறு.

எங்கே நிறுத்துவது என்பதே இதில் முக்கியமான கேள்வி. உள்ளங்கையால் தடவும்போது சொரசொரப்பு இல்லையானால் நிறுத்திவிடலாம். கறுப்புக் கறை இருந்தால் இருக்கட்டும். துரு அரித்த சிறு குழிகள் இருந்தாலும் இருக்கட்டும். பலகை மேட்டின்மேல் செல்லுமேயன்றிக் குழிக்குள் இறங்காது. குழி மறையும்வரை தேய்ப்பது என்று புறப்பட்டால் மேசை முழுவதையும் தாழ்த்த வேண்டியதாகும். தேய்த்து முடித்தபின் நேர்ச்சட்டத்தை மேசையின்மேல் நிறுத்தி, மறுபக்கத்திலிருந்து விளக்கைக் காட்டி ஒளி கசிகின்றதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய்த் துணிகளைத் தூளோடு குவித்துவைப்பது அபாயம். முக்கியமாக ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதைத் தண்ணீரில் நனைத்து வெளியே பரப்பி உலர்த்திவிட வேண்டும்.

சிறு உறுப்புகளுக்கு ஊறவைக்கும் முறை பொருந்தும். திருகு, மரை, பிடி, வளையம் முதலியவற்றைக் கெட்டியான புளிக்கரைசலில் ஓரிரவு போட்டுவைத்தால், புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைத்துவிடும். பித்தளைக் குடம் துலக்கும் வீட்டுப் பெண்கள் அறிந்த வித்தையே இது. உப்புச் சேர்ந்த பழம்புளியை மட்டும் தவிர்க்க வேண்டும். எலுமிச்சை உப்பு என்று கடைகளில் கிடைப்பதை லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் கரைத்தால் வேலை இன்னும் விரைவில் முடியும். எதில் ஊறவைத்தாலும், எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவி, சலவைச் சோடாக் கரைசலில் ஒருமுறை முக்கி, துடைத்து, வெயிலில் சூடேற்றி, அந்தச் சூடு ஆறுமுன்னே எண்ணெய் தடவிவிட வேண்டும். இல்லையேல் அரைமணி நேரத்திற்குள் புதுத்துரு மஞ்சளாகப் பூக்கும். பட்டை ரம்பத்தின் அலகையும் சுருள்வில்லையும் அமிலத்தில் போடலாகாது. அமிலம் இரும்பைத் தின்னும்போது எழும் ஹைட்ரஜன் வாயு, கடினமாக்கப்பட்ட எஃகினுள் புகுந்து அதை முறியும் தன்மையுடையதாக்கிவிடும். ஓடும் அலகு அறுந்தால் அது எங்கே பாயும் என்று சொல்ல இயலாது. அவற்றிற்கு மண்ணெண்ணெயும் தேங்காய்நாரும் போதும்.

துரு கனமாக ஏறி, தேய்க்கவும் கை புகாத உறுப்புகளுக்கு மின்சார முறை உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, துருவேறிய உறுப்பைப் பன்னிரண்டு வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர் முனையிலும், பழைய இரும்புத் தகடு ஒன்றை நேர் முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அமிழ்த்தினால், சில மணி நேரத்தில் துரு சேறாகக் கழன்றுவிடும். நல்ல இரும்பு தேய்வதில்லை என்பது இதன் விசேஷம். நேர் முனையில் எவர்சில்வர் தகட்டை வைப்பது தவறு. அதிலுள்ள குரோமியம் விஷமாகத் தண்ணீரில் கரையும். எழும் குமிழிகளில் ஹைட்ரஜன் இருப்பதால் இதைத் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும். பீடி நெருப்பும் அருகில் ஆகாது. இதிலும் எஃகுக் கத்திகளையும் வில்களையும் போடலாகாது; அலுமினியத்தைச் சோடா அரிக்கும். சார்ஜரை நிறுத்திய பின்னரே தொட்டியில் கை வைக்க வேண்டும்.

யந்திரத்தின் கால்கள், சட்டம், மேசையின் அடிப்புறம் முதலியவை பலகை தொடாத இடங்கள். இவற்றைப் பளபளப்பாக்குவது வீண் வேலை. கம்பிப் பிரஷால் உதிரும் துருவை மட்டும் நீக்கிவிட்டு, கடுக்காய்க் கஷாயத்தைப் பூசலாம். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய நாட்டில் இதை விளக்கவும் வேண்டுமோ? கடுக்காயின் துவர்ப்பு துருவோடு கூடி, நீலங்கலந்த கறுப்பாக இறுகிப் படிகின்றது. கருவேலந் துவர்ப்பு பலகையில் செய்த அதே காரியத்தை இங்கே வேண்டுமென்றே செய்துகொள்கின்றோம் என்பதே வேறுபாடு. ஒரு கைப்பிடி கடுக்காய்த் தூளை லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டி, ஒருநாள் விட்டு இருமுறை பூசி, நன்றாக உலர்ந்தபின் பெயிண்ட் அடிக்க வேண்டும். பெயிண்ட் இல்லாமல் கஷாயத்தை மட்டும் நம்புவோர் அடுத்த ஐப்பசியில் ஏமாறுவர். கடைகளில் துருமாற்றி என்று விற்கப்படும் திரவங்களில் சில இதே துவர்ப்பையும், சில பாஸ்பாரிக் அமிலத்தையும் கொண்டவை. டில்லியிலுள்ள குப்தர் காலத்து இரும்புத்தூண் சுமார் 1600 வருஷங்களாகப் பெருந்துரு ஏறாமல் நிற்பதற்கும், அவ்விரும்பில் மிகுதியாயுள்ள பாஸ்பரஸ் அதன்மேல் ஏற்படுத்திய காப்புப் படலமே முக்கிய காரணம் என்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் விளக்கினார். ஆனால் அந்தத் தூணின் இரும்பு வேறு, மேசையின் வார்ப்பிரும்பு வேறு.

தடுக்கும் முறை

நீக்குவதற்கு இரண்டு நாள் வேண்டும். தடுப்பதற்குத் தினம் கால்மணி நேரம் போதும். மாலையில் யந்திரத்தை நிறுத்தியவுடன், விளக்கை அணைக்குமுன், மேசையையும் அதன் அடிப்புறத்தையும் பெருக்கி, எண்ணெய் லேசாகத் தோய்ந்த துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். பலகையோ, கோப்பையோ, ஈரக்கையுறையோ மேசையின்மேல் தங்கக் கூடாது. வியர்வையிலும் உப்பு உண்டு. மேசையில் கையை ஊன்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஐந்து விரலும் துருவாகப் பதிவது மிகையன்று.

மேசைக்கு எண்ணெயைவிட மெழுகே சிறந்தது. எண்ணெய் பலகையில் ஏறிக் கறைப்படுத்தும். பின்னால் பூசும் வார்னிஷும் பிடிக்காது. சிலிகான் கலந்த தெளிப்புகளால் இக்கேடு இன்னும் அதிகம். தேன்மெழுகு ஒரு பங்கும் டர்பன்டைன் மூன்று பங்கும் எடுத்துக்கொள்க. மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் வைத்த கிண்ணத்தில் உருக்கி, அடுப்பை விட்டுத் தூரம் கொண்டுபோய், டர்பன்டைனைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்க வேண்டும். அடுப்பின்மேல் வைத்தே கலந்தால் தீப்பிடிக்கும். ஆறியபின் பசைபோல ஆகும் இதை மேசையில் மெல்லியதாகத் தடவி, காய்ந்தபின் துணியால் தேய்த்து மெருகேற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும் கோடையில் மாதம் ஒருமுறையும் போதும். மெழுகிட்ட மேசையில் பலகை வழுக்கிச் செல்வதால் துருவோடு விரல் அபாயமும் குறைகின்றது. சமையலறை எண்ணெய்களை இதற்கு உபயோகிப்பது சிக்கனமன்று. நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகி மரத்தூளைப் பிடித்துவைக்கும். சிக்குப்பிடித்த தேங்காயெண்ணெயில் அமிலம் இருக்கும்.

மூடிவைப்பதற்குப் பிளாஸ்டிக் விரிப்பு நல்லதென்று பலர் எண்ணுகின்றனர். அது மேலிருந்து ஒழுகும் மழையைத் தடுக்கும். ஆனால் உள்ளே அகப்பட்ட ஈரத்தை வெளியே விடாது. விடியற்காலையில் அதன் அடிப்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருப்பதைக் காணலாம். பழைய பருத்தி வேட்டியை இரட்டையாக மடித்துப் போர்த்துவதே மேல். கூரை ஒழுகினால் அதற்கு மேலே, மேசையைத் தொடாமல், பிளாஸ்டிக்கை உயரத்தில் கட்டலாம். பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்தில் தறிகளுக்குக் குறைவில்லை. துணிக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. யந்திரத்தின் கால்களை மண்தரையிலன்றிச் செங்கல் மேடையில் நிறுத்துவதும், பச்சை மரத்தை வேறு கொட்டகையில் அடுக்குவதும், உர மூட்டைகளை அகற்றுவதும் முன்சொன்ன காரணங்களாலேயே விளங்கும். உளி, இழைப்புளிக் கத்தி முதலிய சிறு கருவிகளை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, நன்றாக மூடும் பெட்டியில், துணிமுடிச்சில் கட்டிய சிலிகா ஜெல்லுடன் வைக்கலாம். ஈரமேறிய சிலிகா ஜெல்லை மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் உபயோகிக்கலாம். பண்டிகைக்கோ அறுவடைக்கோ பல நாள் பட்டறையை மூடுவதாயின், மேசைக்கு மெழுகுக்குப் பதில் கிரீஸைக் கனமாகத் தடவிவிட்டுப் போவதே பத்திரம்.

வெள்ளத்தில் மூழ்கிய யந்திரம்

2021ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஆந்திரப் பகுதியில் பெய்த கனமழையினால் கிருஷ்ணாபுரம் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டு, கொசஸ்தலை ஆறு கரைபுரண்டது. பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கின. கீழே பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்தும் பெருமளவு நீர் வெளியேற்றப்பட்டது. இத்தகைய காலங்களில் ஆற்றோரப் பட்டறைகளில் ஜலம் புகுவது புதிதன்று. அப்போது நஷ்டத்தை நிர்ணயிப்பது வெள்ளத்தின் உயரம் மட்டுமன்று. வெள்ளம் வடிந்த முதல் நாளில் என்ன செய்யப்படுகின்றது என்பதும் ஆகும். யந்திரம் நீருக்குள் முழுதும் மூழ்கியிருக்கையில் பிராணவாயு குறைவாகவே கிட்டுவதால் துரு மெதுவாகவே ஏறும். நீர் வடிந்து, ஈரச்சேறு அப்பிய இரும்பு காற்றுக்கு வந்த நேரத்திலிருந்துதான் அரிப்பு விரைகின்றது.

நனைந்த யந்திரத்தை மீண்டும் நனைப்பதா என்று தயங்காமல், முதலில் நல்ல தண்ணீரால் சேறு முழுவதையும் கழுவிவிட வேண்டும். சேறு காய்ந்தால் ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்து ஒட்டிக்கொள்ளும். பின் துடைத்து, அன்றைக்கே டீசலோ மெல்லிய எண்ணெயோ எங்கும் தெளிக்க வேண்டும். மேசையின் மெருகை மற்றொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். முதல் நாளில் கவனிக்க வேண்டியவை அச்சுத்தண்டும் பேரிங்குகளும் திருகுகளுமே. பேரிங்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்திப் புதுக் கிரீஸ் இட வேண்டும். கையால் சுழற்றும்போது கரகரத்தால் மாற்றிவிடுவதே லாபம். மூடிய வகைப் பேரிங்கில் சேற்றுநீர் புகுந்திருந்தால் அதை அலசுவதிலும் பயனில்லை. ரப்பர் பெல்ட்டில் டீசல் படாமல் முன்னதாகவே கழற்றிவைக்க வேண்டும்.

மோட்டார் ஓடுகின்றதா என்று சோதிப்பதற்காகச் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. ஈரச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் சுருள் எரிவதோடு, இரும்புச் சட்டம் முழுவதிலும் மின்சாரம் ஏறி, தொட்டவர் உயிருக்கே ஆபத்தாகும். மோட்டாரை இறக்கி, பக்க மூடிகளைக் கழற்றி, சேற்றை நல்ல நீரால் அலசி, பல நாள் நிழற்காற்றிலும் இளஞ்சூட்டிலும் உலர்த்தியபின், மின்பணியாளரைக் கொண்டு மெகர் கருவியால் காப்பை அளந்து பார்த்து, அளவு திருப்தியாயிருந்தாலன்றி மீண்டும் யந்திரத்தில் பூட்டலாகாது. சுவிட்சுப் பெட்டியையும் தரைக்கம்பியையும் அதே சமயத்தில் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். மீண்டும் பொருத்தும்போது மோட்டாரையும் சுவிட்சையும் முந்திய வெள்ளக்கறைக்கு மேலே உயர்த்தி அமைக்க இடமிருந்தால், அதற்கான மேடையைக் கட்டிக்கொள்ள அதுவே தக்க தருணம்.